கூட ஓடியவன்

தாமிரபரணிக் கரையில் பந்தய வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் வேறு ஒரு பிழைப்பு இருந்தது. உழுகிறவன், நெல் மூட்டை ஏற்றுகிறவன், பண்ணை மாட்டைக் குளிப்பாட்டுகிறவன், இப்படி யாராவது பந்தயத்தன்று மட்டும் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவான். வன்னியராஜுக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. ஆழ்வார்குறிச்சி தில்லைநாயகம் பிள்ளை வருஷத்துக்கு நெல்லும் வேட்டியும் கொடுத்து அவனைப் பந்தயத்துக்கென்றே வைத்திருந்தார். செங்கோட்டைக்கு ரயில் ஓட ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. ரயிலைப் பார்க்க நிற்கிற கூட்டத்தைவிட வன்னியராஜ் ஓட்டுவதைப் பார்க்க நிற்கிற கூட்டம் பெரிது என்று பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

வீட்டில் அவன் அவ்வளவாகப் பேசமாட்டான். பந்தயம் நெருங்கினால் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிடுவான். உடம்பு கனத்தால் மாட்டுக்குப் பாரம் என்பான். அவன் மனைவி ஆறுமுகத்தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். புருஷன் இவ்வளவு பேரெடுத்தும் அவள் ஒரு பந்தயத்தைக்கூடப் பார்க்கப் போனதில்லை. அன்றைக்கு அடுப்பே மூட்டமாட்டாள். அவன் முழு உடம்போடு வாசலில் வந்து நின்ற பிறகுதான் உலை வைப்பாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறுமுகத்தாயின் தம்பி முத்துமாலையைத்தான் பிள்ளைபோல வளர்த்தார்கள். தாயும் தகப்பனும் ஒரே காலராவில் போனபோது அவன் அக்காளின் இடுப்பில் ஏறி வந்தவன். மீசை அரும்பியதும் அத்தானுக்குத் துணையாளாக ஓட ஆரம்பித்தான்.

பந்தய வண்டிக்கு இரண்டு பேர். சாரதி மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பான். துணையாள் வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடுவான். மாட்டை உசுப்புவான், வண்டி பள்ளத்தில் இறங்கினால் தோள் கொடுத்துத் தள்ளுவான், மூச்சு முட்டினால் கொஞ்ச தூரம் தொற்றிக்கொள்வான், மறுபடி குதித்து ஓடுவான். பேரும் பரிசும் சாரதிக்கு. துணையாளின் பேரை யாரும் கேட்பதில்லை. முத்துமாலை ஆறு வருஷம் அப்படி ஓடினான். பிறகு அம்பாசமுத்திரத்துப் பண்ணை ஒன்று அவனைச் சாரதியாக வைத்துக்கொள்ளக் கூப்பிட்டது. வன்னியராஜே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான்.

அந்தத் தை மாதம் இரண்டு பேரும் முதல் தடவையாக எதிரெதிர் வண்டியில் ஓட்டினார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு, பாபநாசத்தில் மலையடிவாரத்தில் நட்ட கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். போகும்போது ஏழு வண்டி. திரும்பும்போது முன்னால் வன்னியராஜ், அவனை ஒட்டி முத்துமாலை, மற்றவர்கள் புழுதிக்குப் பின்னால் எங்கேயோ. பாதி வழியில் பாதை வாய்க்கால் கரைமேல் ஏறும். அங்கே இரண்டு வண்டி போக இடம் உண்டு, ஆனால் இரண்டு பேருக்கும் மனசு வேண்டும்.

“வழி விடும், அத்தான்!” என்று முத்துமாலை கத்தினான்.

வன்னியராஜ் விடவில்லை. முன்னால் போகிறவன் விடவேண்டும் என்று சட்டமில்லை. முத்துமாலையின் மாடுகள் தன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விடுவது கேட்டதும் கயிற்றை லேசாகச் சுண்டினான். வண்டி வாய்க்கால் பக்கம் ஒரு முழம் நகர்ந்து, முந்த வந்தவனின் இடத்தை அடைத்தது. அடுத்த நிமிஷம் பின்னால் மரம் முறிகிற சத்தம். மாடு கதறியது. மனிதனும் கதறினான்.

வன்னியராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி, மாலை விழுந்து, பிள்ளை தோளில் தட்டிய பிறகுதான் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்த வழியே ஓடினான். அதற்குள் ஆட்கள் முத்துமாலையைத் தூக்கி வண்டியில் போட்டிருந்தார்கள். இடது காலின்மேல் சக்கரம் ஏறி இறங்கியிருந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆறுமுகத்தாய் ஆஸ்பத்திரி வாசலிலேயே சமைத்து, அங்கேயே படுத்து, தம்பியை ரயிலில் அம்பாசமுத்திரம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து வாடகை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அம்பாசமுத்திரத்துப் பண்ணை வேறு ஆள் பார்த்துக்கொண்டது. வன்னியராஜ் வாசலில் நின்றிருந்தான்.

“என் தம்பி இங்கனதான் இருப்பான். ஒமக்குச் சம்மதமில்லன்னா இப்பமே சொல்லிரும். நாங்க ரெண்டு பேரும் வேற எடம் பாக்கோம்.”

“அவன் வீடுதானட்டி இது,” என்று வன்னியராஜ் முத்துமாலையைத் தூக்கக் கையை நீட்டினான். முத்துமாலை முகத்தைத் திருப்பிக்கொண்டு அக்காளின் தோளைப் பிடித்து இறங்கினான்.

தம்பியைப் படுக்க வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

“ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லும். அவன் வழி கேட்டானா?”

“கேட்டான்.”

“நீரு விடல.”

“விடல. வாய்க்கா பக்கமா ஒரு மொழம் நெருக்கவும் செஞ்சேன்.”

“ஓட்டுதவன் அப்படித்தான் ஓட்டுவான், அவனே சொல்லுதான். அத நான் கேக்கல. அவன் விழுந்த சத்தம் கேட்டுச்சா ஒமக்கு?”

“கேட்டுச்சு.”

“பொறவு ஏன் நிப்பாட்டல?”

அவன் பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். மாடு கட்டுக்கு நிற்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அவன் சொல்லவில்லை. அவளும் பிறகு கேட்கவில்லை. அன்றிலிருந்து “சோறு இருக்கு”, “மழை வருது” என்கிற அளவோடு அவனுடன் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

பங்குனியில் கடையத்துப் பக்கம் ஒரு கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தயம் வைத்தார்கள். பிள்ளைக்காக வன்னியராஜ் ஓட்டினான். பாதி தூரத்தில் பின்னால் வந்தவன் வழி கேட்டு ஒரு சத்தம் கொடுத்தான். வன்னியராஜின் கை தானாகக் கயிற்றை இழுத்து ஒதுங்கிக்கொடுத்தது. பிறகு இன்னொருவன் கேட்டான். அவனுக்கும் ஒதுங்கியது. கடைசியில் ஐந்தாவதாக வந்து சேர்ந்தான்.

“என்னவே ஆச்சு ஒமக்கு? கல்யாண ஊர்கோலமா போறீரு?” என்று பிள்ளை பல்லைக் கடித்தார்.

“தெரியல அய்யா,” என்றான் வன்னியராஜ். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டு முற்றத்தில் பழக்குகிற வண்டி ஒன்று நுகத்தைத் தரையில் ஊன்றிக் கிடந்தது. ஒரு நாள் காலை வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தபோது அந்த வண்டியின்மேல் முத்துமாலை இருப்பதைக் கண்டான். எப்படி ஏறினானோ, தட்டில் உட்கார்ந்து, கயிறு பிடிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டி, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வலப்பக்கம் சாய்ந்தால் கால் ஊன்றியது. இடப்பக்கம் சாய்ந்ததும் ஊன்ற ஒன்றும் இல்லாமல் தலைகுப்புறக் கீழே வந்தான். எழுந்தான். சக்கரத்தின் ஆரக்கால்களைப் பிடித்து மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தான்.

வன்னியராஜ் ஈர வேட்டியோடு ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

“தொடாதீரும்.” ஊருக்கு வந்த பிறகு அவனிடம் முத்துமாலை பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வன்னியராஜ் கையை எடுத்துக்கொண்டான். ஆனால் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. வண்டித் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

“இந்த எடத்துல மரத்துல ஒரு குழி செஞ்சு வச்சா முட்டு அதுக்குள்ள ஒக்காரும். உள்ள இலவம்பஞ்சு வச்சுத் தைக்கணும். அப்ப எடப்பக்கமும் ஊணலாம்.”

முத்துமாலையின் கண் அந்த இடத்தைப் பார்த்தது. பிறகு வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்: “உக்காந்தாப் போதுமா? கூட ஓட ஆள் வேண்டாமா? நொண்டிப்பய வண்டிக்கு எவன் வருவான்?”

“நான் ஓடுதேன்.”

“நீரா?”

“நாந்தான்.”

முத்துமாலை சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. “ஒமக்கு வயசு நாப்பது ஆகப்போவுது. பாபநாசத்துக்கு நடந்து போயிட்டு வந்தாலே மூச்சு வாங்கும்.”

“வாங்கட்டும்.”

வன்னியராஜ் அன்றைக்கே தில்லைநாயகம் பிள்ளையிடம் போய்ச் சொன்னான். பிள்ளை கெட்ட மனிதர் இல்லை. முதலில் வேடிக்கை என்று நினைத்தார். பிறகு கோபம் வந்தது.

“சாரதின்னு பேரெடுத்தவன் துணையாளா ஓடப்போறேங்கியா? ஊர் சிரிக்கும்லே. என் மாடுகளை நான் தரமாட்டேன், பாத்துக்கோ.”

“கேக்கல அய்யா. சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டு வந்தானே தவிர, மாட்டுக்கு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்கு வழி கண்டவள் ஆறுமுகத்தாய்தான். முற்றத்தில் நடந்ததை அவள் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் நடவு முடிந்து, சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டு, வயலுக்குச் சொந்தக்காரியான சொர்ணாம்பாளின் வீட்டுக் கொல்லைவாசலில் போய் நின்றாள்.

சொர்ணாம்பாள் புருஷனை இழந்தவள். பிள்ளையில்லாதவள். அவள் புருஷன் ஆசையாக வாங்கிய பந்தய மாடு இரண்டு, ஒரு செவலை, ஒரு மயிலை, ஓட்ட ஆளில்லாமல் தொழுவத்தில் நின்றன. அவற்றை விற்றுவிடச் சொல்லிக் கொழுந்தன் சங்கரசுப்பிரமணியன் தினமும் வந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்.

“ஆச்சி, அந்த மாடுகளை எந்தம்பிக்கு ஓட்டத் தரணும்.”

“ஒந்தம்பிக்கா? காலு போனவனா?”

“அவந்தான்.”

“கூட ஓடுதது?”

“எங்க வீட்டுக்காரரு.”

சொர்ணாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏட்டி, அவனாலதானே இவனுக்குக் காலு போச்சு?”

“ஆமா ஆச்சி.”

“ரெண்டு பேரும் பேசிக்கிடுதாங்களா?”

“இல்ல. ஓட்டும்போது பேசித்தான ஆவணும்.”

சொர்ணாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டாள், “ஒனக்குப் பந்தயமே ஆவாதும்பாவளே. இப்ப நீயே வந்து கேக்க?”

“இப்பவும் ஆவாதுதான் ஆச்சி. ஆனா அவன் பாயில கெடந்து சொவத்தப் பாத்துட்டே இருக்கான். ரெண்டு வாய் சோறு திங்க ரெண்டு நாழி ஆக்குதான். அந்த வண்டில ஏறி விழுந்தான் பாருங்க, அன்னைக்கு முழுச் சோத்தையும் தின்னான்.”

சொர்ணாம்பாள் தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அவுஹ இருந்தமட்டும் இந்த மாடுக ஒரு பந்தயம் ஜெயிச்சதில்ல. தோத்துட்டு வந்தாலும் பருத்திக்கொட்டையக் கூட வைன்னுதான் சொல்லுவாஹ. மாடுகளக் கூட்டிட்டுப் போ, அவுஹ பந்தய வண்டியையும் கொண்டுட்டுப் போ. எங்கொழுந்தன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

அந்தச் சித்திரையில் பழக்கம் ஆரம்பித்தது. தச்சன் மரத்தைக் குடைந்து குழி செய்தான். முத்துமாலை விழாமல் இருக்க இடுப்பில் ஒரு தோல்வார் கட்டலாம் என்றான் தச்சன். வன்னியராஜ் கூடாது என்றான். வண்டி கவிழ்ந்தால் வார் ஆளை விடாது. முத்துமாலையும் அதையே நினைத்திருந்தான். “வார் வேண்டாம்,” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்துகொண்டார்கள்.

வன்னியராஜ் முதல் நாள் ஒரு மைலுக்கு முன்னாலேயே வாந்தி எடுத்தான். இருபது வருஷமாக வண்டியின் மேலே இருந்தவனுக்குக் கீழே இருக்கிற உலகம் தெரியாது. சக்கரம் கிளப்புகிற புழுதி முழுவதும் துணையாளின் வாய்க்குள்தான் போகும் என்பது தெரியாது. இரும்புப் பட்டை கணுக்காலுக்கு நாலு விரல் தள்ளிச் சுழன்றுகொண்டிருக்க, அதைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்து ஓடவேண்டும் என்பதும் தெரியாது. சாரதி கயிற்றைச் சும்மா ஒரு சுண்டு சுண்டினால் கீழே ஓடுகிறவன் வேலிமுள்ளில் போய் விழுவான். அப்படி இரண்டு தடவை விழுந்தான். இந்தப் பையன் ஆறு வருஷம் என் வண்டிக்குக் கீழே இப்படித்தான் ஓடினான், ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை என்று முள்ளைப் பிடுங்கிக்கொண்டே நினைத்தான்.

“அங்கன ஓடாதீரும். சக்கரத்துக்கு முன்னால வாரும். மாட்டுத் தோளுக்கு நேரா,” என்று மேலேயிருந்து முத்துமாலை சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆடி போய் ஐப்பசி வந்தது. மழைக்காலத்தில் பாதை சேறாகக் கிடந்தபோது வன்னியராஜ் வண்டியில்லாமல் தனியாக ஓடினான். ஊர் சிரிக்கத்தான் செய்தது. “சாரதி, காளை எங்கவே ஓடிப் போச்சு?” என்று வயலிலிருந்து கேட்டார்கள். அவன் நிற்காமல் ஓடினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீர் ஒரு பானையில் முற்றத்தில் இருக்கும். ஆறுமுகத்தாய் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். அவன் காலை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மறு தை வந்தது. அம்பாசமுத்திரத்தில் வண்டிகள் வரிசைக்கு வந்தபோது கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கால் இல்லாதவனை ஓட்ட விடக்கூடாது, உயிர் போனால் யார் பொறுப்பு என்று பந்தயம் நடத்துகிறவர்கள் மறித்தார்கள். முத்துமாலை கயிற்றை விடாமல் உட்கார்ந்திருந்தான். அப்போது திரைபோட்ட வில்வண்டி ஒன்று வந்து நின்றது. திரைக்கு உள்ளேயிருந்து சொர்ணாம்பாளின் குரல் கணீரென்று வந்தது.

“மாடும் என்னுது, வண்டியும் என்னுது. ஓட்டுதவன் யாருன்னு நாந்தான் சொல்லணும். அவன் ஓட்டுவான்.”

பக்கத்தில் தன் வண்டியோடு நின்ற தில்லைநாயகம் பிள்ளைதான் கடைசியில் வாய் திறந்தார். அவருக்கு இப்போது பூதத்தான் என்ற இளவட்டம் சாரதி.

“ஓடட்டும்வே. ஜெயிச்சா மாலை போடுவோம், தோத்தா தூக்கிட்டு வருவோம். எதுக்கு மறிக்கீரு?”

வெடி போட்டார்கள். வண்டிகள் கிளம்பின.

வன்னியராஜ் நன்றாகவே ஓடினான். செவலையின் தோளுக்கு நேராக ஓடினான். விக்கிரமசிங்கபுரம் தாண்டும்போது அவர்களுக்கு முன்னால் மூன்று வண்டிகள், மலை பக்கத்தில் வந்துவிட்டபோது ஒரே வண்டி, பூதத்தானுடையது. பாபநாசத்தில் கொடியைச் சுற்றுகிற இடத்தில் துணையாள் உள்பக்கத்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருப்பவேண்டும். வன்னியராஜ் பிடித்தான், திருப்பினான். வண்டியும் சுற்றி வந்தது. கயிற்றை விட்டு விலகும்போது ஒரு கல் இடறியது. விழுந்தவனின் வலது பாதத்தின்மேல் சக்கரம் ஏறிப் போனது.

முத்துமாலைக்கு அது தெரிந்துவிட்டது. வண்டி ஒரு தடவை தூக்கிப்போட்டது. அவன் தலை திரும்பியது.

“நிக்காதலே!” என்று வன்னியராஜ் தரையில் கிடந்தபடியே கத்தினான். “விடு! விட்டு ஓட்டு!”

வண்டி நிற்கவில்லை. புழுதி மூடிக்கொண்டது.

ஆட்கள் வந்து அவனைத் தூக்கி ஆற்றங்கரை மருத மரத்தடியில் கிடத்தினார்கள். இரண்டு விரல் நசுங்கியிருந்தது. யாரோ ஈரத்துணியைச் சுற்றினார்கள். மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்விட்டன. வன்னியராஜால் அங்கே கிடக்க முடியவில்லை. தனியாகப் போகிறான். கூட ஓட ஆள் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் தோள் கொடுக்க ஆள் இல்லை. முன்னால் போகிறவன் பூதத்தான், வழி விடுகிற வயசு இல்லை அவனுக்கு. பாதை வாய்க்கால் கரைமேல் ஏறும்.

ஒரு கம்பைக் கேட்டு வாங்கி ஊன்றிக்கொண்டு எழுந்து நடந்தான்.

“ஏ, பெரியாளே, பைய இரும்! வண்டி வரும், ஏறிப் போவலாம்,” என்று கூப்பிட்டார்கள். அவன் காதில் வாங்கவில்லை. குதிகாலை ஊன்றி, கம்பை ஊன்றி, மறுபடி குதிகாலை ஊன்றி நடந்தான். துணி முழுக்க ரத்தமாகி, ரத்தத்தில் மண் ஒட்டி, காலில் ஒரு செங்கல்லைக் கட்டினதுபோல ஆயிற்று. எதிரே வந்த ஒருவனிடம் கேட்டான்.

“வாய்க்கா கரையில ஏதாவது வண்டி கெடக்கா?”

“நான் அந்தப் பக்கமா வரலியே அண்ணாச்சி,” என்றான் அவன்.

வாய்க்கால் கரை கண்ணுக்குத் தெரிந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஓடி வந்து பார்த்த காட்சி கண்ணுக்குள் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கரையேறினான்.

கரையில் வண்டி எதுவும் கிடக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் தெளிவாக ஓடியது. பாதையைக் குனிந்து பார்த்தான். ஓரத்துச் செடி ஒன்றுகூட மிதிபடவில்லை. நடுப்பாதையில் பல சக்கரத் தடங்கள் கலந்து கிடந்தன. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போன தடங்கள். யாரும் ஒதுங்கவும் இல்லை, முந்தவும் இல்லை. வன்னியராஜ் கரைமேலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அந்த ஒரு வருஷத்தில் அவன் அழுதது அதுதான்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் சலங்கைச் சத்தம் கேட்டது. செவலையும் மயிலையும் நடையாக வந்தன. மேலே முத்துமாலை. அவனுக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு ஆறுமுகத்தாய். அவள் அன்றைக்கு எல்லைக்கோட்டுப் பக்கம் வந்து நின்றிருக்கிறாள் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஏன் நடந்து வந்தீரு?” என்று முத்துமாலை கேட்டான்.

“ஜெயிச்சியா?”

“ரெண்டாவது. பூதத்தான் ஒரு நுகத்தடி முந்திட்டான்.” முத்துமாலை மாடுகளை நிறுத்தினான். “கரை தீந்ததும் மாந்தோப்புக்கிட்ட பாதை அகலும்லா, அங்கன வச்சுதான் முந்தப் பாத்தேன். நீரு கூட ஓடியிருந்தா கெடச்சிருக்கும்.”

“கரையில வழி கேட்டியா?”

“கேக்கல.”

ஆறுமுகத்தாய் இறங்கி வந்து காலைப் பார்த்தாள். துணியைப் பிரித்தாள். வாய்க்காலில் இறங்கி முந்தானையை நனைத்து வந்து மண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள்.

முத்துமாலை வண்டியிலிருந்தபடியே, கயிற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அத்தான், நீரு விழுந்தது எனக்குத் தெரிஞ்சுது.”

“நாந்தான ஓட்டுன்னு கத்தினேன்.”

“கத்தினீரு. ஆனா நீரு கத்துததுக்கு முன்னாலயே எங்கை கயித்த விட்டுட்டுது. மாடு பாஞ்சிட்டுது. நிக்கணும்னு நெஞ்சு சொல்லுது, கை கேக்கல.” கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். “ஒரு வருஷமா அதத்தான் நெனச்சேன், நானா இருந்தா நின்னுருப்பேன்னு. நிக்கல. நிக்கமாட்டேன்போல.”

வன்னியராஜ் ஆறுமுகத்தாயைப் பார்த்தான். அவள் குனிந்த தலை நிமிராமல் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நசுங்கின விரலைத் தொட்டதும் அவன் காலை இழுத்தான்.

“அசையாம இரும். வலிக்கத்தான் செய்யும்,” என்றாள். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். “ரெண்டு பேரும் ஒண்ணுபோலத்தான் இருக்கியோ. ரெண்டு பேருக்கும் நாந்தான் காலைத் தொடைக்கணும்னு எழுதியிருக்கு.”

அவள் குரலில் கோபம் இருந்தது. ஆனால் அவள் பேசினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனோடு முழுதாகப் பேசினாள். வீடு போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டேதான் வந்தாள். பந்தயத்தைப் பற்றி, எல்லைக்கோட்டில் சொர்ணாம்பாள் திரைக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தியதைப் பற்றி, பூதத்தானுக்குப் பிள்ளை போட்ட மாலை வாடிக் கிடந்ததைப் பற்றி.

அடுத்த வாரம் தில்லைநாயகம் பிள்ளை ஆள் அனுப்பினார். முத்துமாலையைத் தன் வண்டிக்குச் சாரதியாகக் கேட்டார். சொர்ணாம்பாளின் மாட்டைத்தான் ஓட்டுவேன் என்று முத்துமாலை சொல்லியனுப்பினான். வன்னியராஜ் மறுபடி சாரதியாக வருவானா என்றும் பிள்ளை கேட்டிருந்தார். அதற்கு வன்னியராஜ் சிரித்தான். அவனுக்கு நசுங்கின விரல் இரண்டையும் எடுத்துவிட்டிருந்தார்கள். பாதம் ஆறி, கீழே ஊன்றி ஓடப் பழக நாளாயிற்று.

மறு வருஷம் தையில் அவர்கள் ஜெயித்தார்கள். அதற்கடுத்த வருஷம் தோற்றார்கள். பிறகு இரண்டு தடவை ஜெயித்தார்கள். சீமையில் சண்டை மூண்டு பந்தயங்கள் குறைந்துபோகிற வரைக்கும் வன்னியராஜ் செவலையின் தோளுக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தான். பந்தயத்தன்று காலையில் மூன்று பேருக்கும் சோறு பொங்கி, தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு, ஆறுமுகத்தாய் அவர்களுக்கு முன்னாலேயே கிளம்பி வாய்க்கால் கரையில் போய் நின்றுகொள்வாள்.